அப்பாவின் நாயனத்துக்கு உரிமை கோரும் இசை நிறுவனம்: என்ன செய்வது?

கேள்வி:

மதுரைக்குத் தெற்கே ஒரு சிறு நகரத்தில் போட்டோ ஸ்டுடியோ நடத்தும் 34 வயது வாசகர் எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது. ஆள் அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

திருமணம், காதணி விழா, கோயில் திருவிழா எல்லாவற்றையும் படம்பிடித்து இணையத்தில் தன் சேனலில் ஏற்றுவது அவருடைய தொழில். சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் உறவினர்களுக்காக முகூர்த்தங்களை நேரலையாகவும் காட்டுகிறார். அவருடைய தந்தை நாதசுரக் கலைஞர். பங்குனித் திருவிழாவில் ஊர்க் கோயிலில் தந்தை வாசித்த கல்யாணி ராகத் தியாகராஜர் கீர்த்தனையை ஏற்றியிருக்கிறார். மறுநாளே ஓர் இசை நிறுவனம் அது தனக்குச் சொந்தமான ஒலிப்பதிவு என்று உரிமை கோரிவிட்டது. விளம்பர வருமானம் இப்போது அந்த நிறுவனத்துக்குப் போகிறது. அதன்பின் மூன்று சினிமாப் பாடல்களைச் சேர்த்துத் தொகுத்த ஒரு திருமணக் காணொளி நீக்கப்பட்டு, சேனலுக்கு எச்சரிக்கையும் வந்தது. வைகாசி முகூர்த்தம் ஒன்றில், திருப்பரங்குன்றம் மண்டபத்திலிருந்து போய்க்கொண்டிருந்த நேரலை, ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு ஒலித்த சில நிமிடங்களில் நின்றுவிட்டது. பெண் வீட்டார் பாக்கிப் பணத்தைத் தர மறுப்பதோடு, கொடுத்த முன்பணத்தையும் கேட்கிறார்கள்.

இதற்கிடையே, இசை நிறுவனத்தின் சட்டப் பிரிவு என்று சொல்லிக்கொண்டு ஒருவர் தொலைபேசியில் அழைத்திருக்கிறார். 45,000 ரூபாய் அனுப்பாவிட்டால் கைது என்று மிரட்டியிருக்கிறார். நண்பர் ஒருவரோ, பாட்டின் சுருதியைக் கொஞ்சம் ஏற்றிவிட்டால் இயந்திரத்துக்குத் தெரியாது என்றும், சந்தா செயலியில் இறக்கிய பாடல்களின் பூட்டை உடைக்க மென்பொருள் தருகிறேன் என்றும் சொல்கிறாராம். “நான் எடுத்த படம், என் அப்பா வாசித்த வாசிப்பு. இதைத் தடுக்க இவர்கள் யார்? வழக்குப் போடலாமா? முப்பது விநாடி வரை பாட்டைப் பயன்படுத்தலாம் என்கிறார்களே, உண்மையா? என்னைக் கைது செய்வார்களா?” இவை அவருடைய கேள்விகள்.

பதில்:

தம்பி, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் மூன்று தனித்தனி விவகாரங்களை ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். ஒன்றில் நியாயம் முழுக்க உங்கள் பக்கம். இன்னொன்றில் பெரும்பாலும் எதிர்ப் பக்கம். மூன்றாவதில் உங்களை யாரோ ஏமாற்றப் பார்க்கிறார்கள். பிரித்துப் பார்த்தால்தான் எங்கே சண்டை போடுவது, எங்கே ஒதுங்குவது என்பது தெரியும்.

நீங்கள் பயன்படுத்தும் தளத்தின் பெயரை நான் வெளியிடவில்லை. பெரிய தளங்களின் நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், எல்லோருக்கும் தெரிந்த யூடியூபின் விதிகளை வைத்து விளக்குகிறேன். அங்கே ‘உரிமை கோரல்’ வேறு, ‘எச்சரிக்கை’ வேறு. முதலாவது பெரும்பாலும் இயந்திரம் போடுவது. நிறுவனங்கள் கொடுத்துவைத்த ஒலிப்பதிவுகளோடு உங்கள் ஒலியை ஒப்பிட்டு, ஒத்துப்போனால் வருமானத்தைத் திருப்பிவிடும் அல்லது காணொளியை மறைக்கும். சேனலுக்கு வேறு ஆபத்து இல்லை. இரண்டாவது, உரிமையாளர் சட்டப்படி நீக்கச் சொல்லி வருவது. 90 நாளைக்குள் இப்படி மூன்று சேர்ந்தால் சேனலே போய்விடும். உங்கள் தந்தையின் காணொளிக்கு வந்தது முதல் வகை. திருமணத் தொகுப்புக்கு வந்தது இரண்டாம் வகை.

அப்பாவின் வாசிப்பு: இங்கே விட்டுக்கொடுக்காதீர்கள்

பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி ஒரு பாட்டில் பல உரிமைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. இயற்றியவருக்கு ஒன்று, ஒலிப்பதிவு செய்தவருக்கு ஒன்று, வாசித்தவருக்கு ஒன்று. இயற்றியவரின் உரிமை அவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் நிற்கும். தியாகராஜர் மறைந்தது 1847-இல். அவர் கீர்த்தனைகளுக்கு இன்று எவரும் சொந்தம் கொண்டாட முடியாது. இசை நிறுவனம் வைத்திருப்பது, ஏதோ ஒரு கலைஞர் ஏதோ ஒரு நாளில் வாசித்த ஓர் ஒலிப்பதிவின் உரிமையை மட்டுமே. அந்த ஒலிப்பதிவை நீங்கள் நகலெடுத்தால் குற்றம். அதே கீர்த்தனையை உங்கள் தந்தை புதிதாக வாசித்தால் அவர்களுக்கு அதில் காலணா பாத்தியதை இல்லை. ஒரே ராகம், ஒரே கீர்த்தனை, ஒரே வாத்தியம் என்னும்போது இயந்திரம் தடுமாறுகிறது. யார் மூச்சு அது என்று அதற்குத் தெரியாது.

உங்கள் தந்தையின் கையில் இதைவிட வலுவான ஒன்றும் இருக்கிறது. சட்டத்தின் 38-ஆம் பிரிவும், 2012 திருத்தத்தில் சேர்ந்த 38ஏ பிரிவும் நிகழ்த்துகலைஞருக்குத் தனி உரிமை தருகின்றன. அந்த உரிமை 50 ஆண்டுகள் நிற்கும். தன் வாசிப்பைப் பதிவு செய்ய, நகலெடுக்க, பொதுமக்களுக்குக் கொண்டுசெல்ல அனுமதிப்பதோ மறுப்பதோ அவர் கையில். உடன் வாசித்த தவில்காரருக்கும் இதே உரிமை உண்டு. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இருவரிடமும் இரண்டு வரியில் ஓர் ஒப்புதல் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தின் ஓரத்தில், “அப்பா அந்தக் காலத்தில் ஒரு கேசட் கம்பெனிக்கு வாசித்துக் கொடுத்தார்” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் பட்டது. உரிமை கோருவது அதே கம்பெனியா, அல்லது அதனிடமிருந்து உரிமைகளை வாங்கிய நிறுவனமா என்று பாருங்கள். அப்படியே இருந்தாலும் அவர்களுக்குச் சொந்தம் அந்தப் பழைய கேசட்டில் உள்ள வாசிப்புதான். இந்தப் பங்குனியில் கோயில் வாசலில் வாசித்தது அல்ல. ஆனால், ‘இந்தக் கீர்த்தனைகளை வேறு எவருக்கும் வாசித்துத் தரமாட்டேன்’ என்பது போன்ற நிபந்தனை எதிலாவது கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்று தந்தையிடம் கேளுங்கள். பழைய ஒப்பந்தத் தாள் கிடைத்தால், எதையும் எழுதுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

ஆட்சேபணையைத் தளத்திலேயே பதிவு செய்யலாம், கட்டணம் கிடையாது. ‘என் காணொளி, தயவுசெய்து விடுங்கள்’ என்று எழுதாதீர்கள். “இயற்றியவர் 1847-இல் மறைந்த தியாகராஜர், வாசித்தவர் என் தந்தை, நேரடி நிகழ்ச்சியில் நானே பதிவு செய்தேன், உங்கள் ஒலிப்பதிவு இதில் இல்லை” என்று நான்கே வரி போதும். பதில் தர நிறுவனத்துக்கு 30 நாள் அவகாசம். அதற்குள் பதில் வராவிட்டால் உரிமை கோரல் தானாக விலகும். கோரல் வந்த ஐந்து நாளுக்குள் ஆட்சேபித்தால், தொடக்கத்திலிருந்தே விளம்பரப் பணத்தை யாருக்கும் கொடுக்காமல் நிறுத்தி வைப்பார்கள். உங்களுக்கு அந்த ஐந்து நாள் போய்விட்டது. அடுத்த முறைக்கு நினைவில் வையுங்கள்.

நிறுவனம் ஆட்சேபணையை மறுத்தால் மேல்முறையீடு உண்டு. அதற்கு அவர்கள் ஏழு நாளில் பதில் சொல்ல வேண்டும். இந்தக் கட்டத்தில் ஆபத்து அதிகம். அவர்கள் முறைப்படி நீக்கக் கோரினால் இதுவும் எச்சரிக்கையாக மாறும். அப்போது நீங்கள் எதிர் அறிவிப்புத் தரலாம். அது அமெரிக்கச் சட்டத்தின் கீழ் வரும் ஆவணம். உங்கள் பெயரும் முகவரியும் எதிர்த்தரப்புக்குப் போகும். அமெரிக்க நீதிமன்ற அதிகார வரம்பை ஏற்பதாகவும் அதில் எழுத வேண்டும். பத்து வேலை நாளுக்குள் வழக்குத் தொடுத்ததற்கு அவர்கள் ஆதாரம் காட்டாவிட்டால் காணொளி திரும்ப வரும். கீர்த்தனை விஷயத்தில் நீங்கள் தைரியமாகக் கையெழுத்துப் போடலாம். சினிமாப் பாட்டு விஷயத்தில் ஒருபோதும் போடாதீர்கள்.

உள்நாட்டு வழியும் இருக்கிறது. 2021-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, ஒவ்வொரு பெரிய தளமும் இந்தியாவில் ஒரு குறைதீர்ப்பு அதிகாரியை வைத்திருக்க வேண்டும். அவர் பதில் திருப்தி தராவிட்டால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையவழியே விண்ணப்பிக்கலாம். இந்தக் குழுக்கள் 2023 முதல் இயங்குகின்றன. டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. வெட்டாத முழுப் பதிவு, திருவிழா அழைப்பிதழ், நாள் குறித்த நோட்டீஸ் ஆகியவை உங்கள் சாட்சிகள். கணினியில் இடம் இல்லை என்று மூலப் பதிவை அழித்துவிடாதீர்கள்.

சினிமாப் பாட்டு: இங்கே வாதாட அதிகம் இல்லை

“கல்யாணத்தில் பாட்டுப் போட எவனுக்கும் பணம் தர வேண்டாம் என்று சட்டமே சொல்கிறதே” என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி சரி. 52(1)(இசட்ஏ) பிரிவு சமயச் சடங்குகளில் பாட்டு வாசிப்பதையும் ஒலிப்பதிவை ஒலிக்கவிடுவதையும் விதிவிலக்காக்குகிறது. திருமண ஊர்வலமும், திருமணத்தையொட்டிய மற்ற கொண்டாட்டங்களும் அதில் அடங்கும் என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. மத்திய அரசின் துறை 2023 ஜூலையில் இதை வலியுறுத்திப் பொது அறிவிப்பும் வெளியிட்டது. இதே பொருளில் கோவா அரசு வெளியிட்ட சுற்றறிக்கையை 2024-இல் மும்பை உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வு ரத்து செய்தது. ஆகவே மண்டபத்தில் யாராவது வந்து உரிமம் கேட்டால் சுற்றறிக்கையைக் காட்டாதீர்கள். சட்டப் பிரிவையே காட்டுங்கள்.

ஆனால் அந்தப் பாதுகாப்பு மண்டபத்தில் ஒலிக்கும் பாட்டுக்குத்தான். அதே பாட்டை நீங்கள் கணினியில் எடுத்து, மாலை மாற்றும் காட்சிக்குப் பின்னணியாக ஒட்டி, உங்கள் சேனலில் ஏற்றுவது வேறு செயல். அதற்கு ஒலிப்பதிவின் உரிமையாளரிடமும், வரிக்கும் மெட்டுக்கும் உரிமை உள்ளவர்களிடமும் அனுமதி வேண்டும். உங்கள் அளவுள்ள ஸ்டுடியோவுக்கு அந்த அனுமதி எளிதில் கிடைக்காது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் சட்டம் அதுதான். முப்பது விநாடிக் கணக்கு எந்தச் சட்டத்திலும் இல்லை. பாடகர் பெயரைக் குறிப்பிட்டேன், சந்தா கட்டிய செயலியில் கேட்ட பாட்டு, கடையில் பணம் கொடுத்துப் பென்டிரைவில் ஏற்றியது என்பவையெல்லாம் சமாதானங்களே, அனுமதி ஆகாது. பழைய பாட்டுக்கும் இதே கதைதான். 1960-இல் வெளிவந்த இசைத்தட்டின் ஒலிப்பதிவு உரிமை 2020 முடிவோடு தீர்ந்தது. ஆனால் வரிகளுக்குத் தனிக் கணக்கு. கண்ணதாசன் மறைந்தது 1981-இல். அவர் எழுதிய வரிகளின் உரிமை 2041 முடிய நிற்கும்.

உங்கள் தந்தையே வரவேற்பில் சினிமா மெட்டை நாயனத்தில் வாசித்தாலும் கதை மாறாது. மண்டபத்தில் வாசிக்கத் தடையில்லை. இணையத்தில் ஏற்றும்போது மெட்டின் உரிமையாளர் குறுக்கே வரலாம். நேரலையைப் பற்றி ஒரு வாதம் உண்டு. சடங்கு நடக்கும்போதே காட்டுவதால் அதுவும் விதிவிலக்கில் சேரும் என்று நான் நீதிமன்றத்தில் வாதாடத் தயங்கமாட்டேன். ஆனால் இயந்திரம் வாதம் கேட்டு நேரலையை நிறுத்துவதில்லை. முகூர்த்தம் முடிந்தபின் கிடைக்கும் நீதியால் துபாயில் இருக்கும் மாமாவுக்குத் தாலி கட்டியதைப் பார்த்த திருப்தி வராது. ஆகவே ஒலியைக் கேமரா மைக்கில் எடுக்காதீர்கள். நாயனத்துக்கும் ஐயர் மந்திரத்துக்கும் வைத்த மைக்கிலிருந்து நேராக எடுங்கள். ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு வரும்போது நேரலையின் சத்தத்தை அணைத்துவிடுங்கள். உறவினருக்கு மட்டும் காட்ட வேண்டுமானால் காணொளிக் கூட்டச் செயலியே போதும். இணைப்பு உள்ளவர் மட்டும் பார்க்கும்படி மறைத்து ஏற்றினால் தப்பலாம் என்பது தவறு. இயந்திரம் அதையும் கேட்கும்.

வந்துவிட்ட எச்சரிக்கைக்கு வருகிறேன். தளம் நடத்தும் பதிப்புரிமைப் பாடத்தை முடியுங்கள். 90 நாளில் எச்சரிக்கை காலாவதியாகும். அதுவரை சினிமாப் பாட்டு உள்ள பழைய காணொளிகளை நீங்களே நீக்கிவிடுங்கள். நீக்குவதால் வந்த எச்சரிக்கை போகாது; இரண்டாவது, மூன்றாவது வராமல் இருக்கும். தளத்தின் மீது வழக்கு இப்போதைக்கு வேண்டாம். 90 நாளில் தீரக்கூடிய விஷயத்துக்கு மதுரை நீதிமன்ற வளாகத்தில் ஆண்டுக்கணக்கில் அலைய வைப்பது எனக்குச் சம்மதமில்லை.

இன்னொன்று, இது உங்களுக்குக் கசக்கலாம். ‘நான் எடுத்த படம்’ என்கிறீர்கள். சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் சொல்லி, அவர் தரும் கூலிக்கு எடுத்த புகைப்படத்துக்கும் காணொளிக்கும் முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவரே, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில். கோயில் திருவிழாவை நீங்களாக எடுத்தீர்கள், அது உங்களுடையது. திருமணக் காணொளி அந்த வீட்டாருடையது. அவர்கள் அனுமதி இல்லாமல் உங்கள் சேனலில் அதை வைத்திருக்க உங்களுக்கே உரிமை கிடையாது. ஆர்டர் எடுக்கும் தாளில் ஒரு வரி சேர்த்துக் கையெழுத்து வாங்கும் பழக்கத்தை இன்றே தொடங்குங்கள்.

சுருதி ஏற்றுவதும் பூட்டு உடைப்பதும்

நண்பர் சொன்னதைச் செய்யாதீர்கள். பதிப்புரிமையைக் காக்கப் போட்ட தொழில்நுட்பப் பூட்டை, உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைப்பது 65ஏ பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உள்ள குற்றம். சுருதியை மாற்றி இயந்திரத்தை ஏமாற்றினால், தெரியாமல் செய்தேன் என்று பின்னால் சொல்லும் வாய்ப்பையும் நீங்களே அடைத்துக்கொள்கிறீர்கள். தவிர, கல்யாணி ஊறிய வீட்டில் சுருதி பிசகிய பாட்டை ஓடவிடுவது உங்கள் தந்தையின் காதுக்குச் செய்யும் கொடுமை.

தொலைபேசி மிரட்டல்

கைது பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தெரிந்தே பதிப்புரிமையை மீறுவதற்கு 63-ஆம் பிரிவு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் விதிக்கிறது. பிடியாணை இன்றிக் கைது செய்யக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் இது என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. எனவே ‘இதெல்லாம் ஒரு குற்றமா’ என்று அலட்சியம் வேண்டாம். ஆனால் தளமே நீக்கிவிட்ட ஒரு திருமணத் தொகுப்புக்காக உங்கள் கடைக்குப் போலீஸ் வரும் என்று தூக்கம் கெடவும் வேண்டாம்.

உங்களை அழைத்தவர் எந்தப் பாட்டு என்று சொல்லவில்லை. நிறுவனத்தின் பெயரைக்கூடத் தெளிவாகச் சொல்லவில்லை. தனிநபர் எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொன்னார். உண்மையான நிறுவனம் வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பும். அதில் பாடல், உரிமைக்கான ஆதாரம், காணொளியின் முகவரி எல்லாம் இருக்கும். மறுபடி அழைத்தால் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள், மறுபேச்சு வேண்டாம். பணம் அனுப்பிவிட்டிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். அனுப்பாவிட்டாலும் அழைப்பு வந்த எண்ணையும் குறுஞ்செய்திகளையும் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பதியுங்கள். உண்மையான நிறுவனமே ஆதாரமில்லாமல் மிரட்டினால், 60-ஆம் பிரிவின்படி அந்த மிரட்டலுக்குத் தடை கேட்டு நீங்கள் வழக்குத் தொடுக்கலாம். கீர்த்தனை விஷயத்தில் அது பயன்படும். சினிமாப் பாட்டு விஷயத்தில் உங்கள் மீதே திரும்பும்.

பெண் வீட்டாரின் பணம்

நேரலைக்குத் தனியாகத் தொகை பேசியிருந்தால் அந்தத் தொகையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பேசவில்லையென்றால் நியாயமான ஒரு பகுதியைக் குறைத்துக்கொள்ளுங்கள். படம், ஆல்பம், முழுக் காணொளி இவற்றை ஒழுங்காகத் தந்திருக்கும்போது முன்பணம் முழுவதையும் கேட்க அவர்களுக்கு முகாந்திரம் இல்லை. ஆனால் நேரலை தருவதாகச் சொல்லித் தராதது சேவைக் குறைபாடுதான். இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் அவர்கள் புகார் செய்ய முடியும். அவர்கள் திருமணக் காணொளியைச் சேனலில் ஏற்ற எழுத்துமூல அனுமதி இல்லை என்பதும் அங்கே வெளிவரும். ஆகவே நேரில் போய்ப் பேசி, பாக்கியில் கழித்துக்கொண்டு, ‘இத்துடன் கணக்கு முடிந்தது’ என்று இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒரு தாளை வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் வேலை கீர்த்தனைக்கான ஆட்சேபணை. அதை இந்த வாரமே போடுங்கள். வழக்கறிஞர் கட்டணம் இடித்தால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வருமான வரம்புக்குள் இருந்தால் இலவச வழக்கறிஞரே கிடைப்பார். போகும்போது தளத்திலிருந்து வந்த மின்னஞ்சல்களின் அச்சுப் பிரதி, திருவிழா நோட்டீஸ், கேசட் கம்பெனியின் தாள் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். முடிந்தால் தந்தையையும் அழைத்துச் செல்லுங்கள். நிகழ்த்துகலைஞர் என்ற முறையில் உரிமை அவருடையது. மனுவில் கையெழுத்திட வேண்டியவரும் அவர்தான்.